விடுமுறைப் பயணமும் குடும்பத்தின் மனநலமும்

உடலுழைப்பாயினும் மூளையுழைப்பாயினும், தொடர்ந்து உழைப்பவருக்கு ஓய்வு இன்றியமையாதது என்பதை மறுப்பார் இலர். பள்ளிகளுக்கு விடுமுறை அளிப்பதும், அரசு ஊழியருக்கு விடுப்புப் பயணச் சலுகை வழங்குவதும் இக்கருத்தை ஒட்டியவையே. மத்திய அரசு ஊழியர்கள் இச்சலுகையை 1956ஆம் ஆண்டு முதல் பெற்று வருகின்றனர். ஆனால், ஓய்வுக்கென்று புறப்பட்ட குடும்பம் புறப்பட்ட நாளைவிட மிகுந்த களைப்புடன் வீடு திரும்புவதையும் நாம் கண்கூடாகக் காண்கிறோம். களைப்பு ஒருபுறமிருக்க, சில இல்லங்களில் அப்பயணமே ஒரு மனநோயின் தொடக்கமாகவோ, அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்குவதற்கு வாயிலாகவோ அமைந்துவிடுகிறது. வெளியூர் செல்வோரிடம் குடிநீரைக் காய்ச்சிப் பருகுமாறும் உணவில் கவனமாக இருக்குமாறும் சொல்லியனுப்புகிற நாம், உள்ளத்தைப் பேணுவது பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இது சிலருக்கு மட்டுமே உரிய சிக்கல் என்று கருதுவதற்கில்லை. பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய ஆய்வில், வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் அக்காலத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றால் வருந்தியது தெரியவந்தது. அவர்களிற் பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் பெறாதவர்கள். ஐம்பது பெரியவர்கள் ஏறிச்செல்லும் ஒரு சுற்றுலாப் பேருந்தில் இத்தகையோர் ஐவரேனும் இருக்கக்கூடும் என்று கணக்கிடுவது மிகையாகாது.

காலாண்டுத் தேர்வு விடுமுறையும் நவராத்திரியும் நம் நாட்காட்டியில் அருகருகே வருவன. ஆதலின் அந்நாட்களில் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல நாடிச்செல்லும் ஊர் மைசூரு. அவ்வூரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம். அதற்கு வேறொரு பொருத்தமும் உண்டு. மனநூல் இந்நாட்டில் வேரூன்றிய இடங்களுள் மைசூரும் ஒன்று. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924ஆம் ஆண்டிலேயே மனநூல் துறை தொடங்கப்பெற்றது. அதனை நிறுவிய பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, 1935இல் தம் இல்லத்தில் ஒரு சிறு வானொலி நிலையத்தை அமைத்து அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயரிட்டவர் என்பது நம் வாசகரிற் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். பெங்களூரில் மைசூர் அரசாங்கம் நடத்தி வந்த மனநோய் மருத்துவமனையை ஒட்டியே 1954இல் அகில இந்திய மனநலக் கழகம் தோன்றியது. மேலே கூறிய தேசிய நிறுவனம் 1974இல் உருவானது அவ்விரண்டின் இணைப்பாலேயே.

பயணத்தால் விளையும் நன்மை எவ்வளவு?

விடுமுறையில் மனம் நோவது புதிதாகக் கண்டறியப்பட்ட செய்தியன்று. ஹங்கேரி நாட்டு மருத்துவர் சாந்தோர் ஃபெரன்சி 1919ஆம் ஆண்டிலேயே 'ஞாயிற்றுக்கிழமை நரம்பு நோய்' பற்றி எழுதியுள்ளார். வாரமெல்லாம் வேலையில் நலமாக இருந்தவர்கள் ஓய்வு நாளில் தலைவலி, வயிற்றுக் கோளாறு, காரணமற்ற சோர்வு ஆகியவற்றால் துன்புறுவதை அவர் கண்டார். வேலை என்னும் கட்டுப்பாடு நீங்கியதும், அதுவரை அடங்கிக் கிடந்தவை மேலெழுகின்றன என்பது அவர் தந்த விளக்கம். அவ்விளக்கத்தை இன்று எல்லாரும் ஏற்பதில்லை. அவர் கண்ட காட்சி மட்டும் இன்றும் மாறவில்லை.

நெதர்லாந்தில் ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரை வினவி 2010இல் வெளியான ஆய்வொன்று வியப்பான முடிவைத் தந்தது. பயணம் செல்லவிருப்போர், செல்லாதவரைவிட மகிழ்ச்சியாக இருந்தது பயணத்திற்கு முன்னரே. திரும்பி வந்தபின் இரு சாராருக்கும் இடையே பொதுவில் வேறுபாடு இல்லை. மிகவும் ஓய்வாகக் கழித்தோம் என்று கூறியவர்கள் மட்டுமே இதற்கு விலக்கு. அந்நாட்டைச் சேர்ந்த ஜெசிகா டி புளூம் என்பாரும் அவருடைய குழுவினரும் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட முடிவும் இதனையே வலியுறுத்துகிறது. விடுமுறையால் உடலும் உள்ளமும் பெறும் நன்மை உண்மையே. ஆனால் அது சிறிதளவினது, வேலைக்குத் திரும்பிய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மறைந்துவிடுவது. நீண்ட விடுமுறை எடுத்தவர்களைப் பின்தொடர்ந்து அதே குழுவினர் செய்த வேறோர் ஆய்வில், நலவுணர்வு ஏறத்தாழ எட்டாம் நாளில் உச்சத்தை அடைந்தது.

எட்டு நாள் விடுமுறை நம்மவர்க்கு எளிதில் வாய்ப்பதன்று. மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். இவ்வாய்வுகள் வேற்று நாட்டில், வேறுவகைக் குடும்பங்களிடையே நடந்தவை என்பதையும் மறத்தலாகாது. அங்கே பயணம் என்பது பெரும்பாலும் கணவன், மனைவி, மக்கள் என்ற அளவில் அமைவது. நம் வேனில் மாமியாரும், நாத்தனார் குடும்பமும், ஊரிலிருந்து வந்த சித்தப்பாவும் உடன் அமர்ந்திருப்பர். ஆயினும், 'ஓய்வாகக் கழித்தவர்க்கே பின்னும் மகிழ்ச்சி நீடித்தது' என்ற செய்தி எந்நாட்டவரும் மனங்கொள்ளத்தக்கது.

மூன்று நாளில் மைசூரு

இரவு ரயிலில் புறப்பட்டு விடியலில் மைசூரு வந்திறங்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பதினொரு பேர். அறைகள் நண்பகலுக்குப் பின்னரே கிடைக்குமாதலால், முகங்கழுவிக்கொண்டு நேரே சாமுண்டி மலைக்குச் செல்கின்றனர். ஏறத்தாழ ஆயிரம் படிகள். பதினேழாம் நூற்றாண்டில் தொட்ட தேவராச உடையார் காலத்தில் அமைந்த அப்படிகளில் இளையோர் நடந்தேற, மற்றவர் வண்டியில் செல்கின்றனர். மலையிலிருந்து இறங்கி 1892இல் நிறுவப்பெற்ற விலங்குக் காட்சிசாலை. அங்கிருந்து 1912இல் கட்டிமுடிக்கப்பெற்ற அரண்மனை. மாலையில் கிருஷ்ணராஜ சாகர அணைக்கட்டின் பிருந்தாவனப் பூங்கா. மறுநாள் ஸ்ரீரங்கப்பட்டணம், சோமநாதபுரம். மூன்றாம் நாள் உதகமண்டலம் போய்வரல்.

தாளில் எழுதும்போது இத்திட்டம் அழகாகவே தோன்றும். சிக்கல் எங்கே எழுகிறது என்று பார்ப்போம். அரண்மனையின் ஏறத்தாழ ஓர் இலட்சம் விளக்குகள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் தசரா நாட்களிலும் மாலை ஏழு மணியளவில் ஒளிரும். பிருந்தாவனத்தின் நீரூற்றுக் காட்சியும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான். இரண்டிற்கும் இடையே இருபது கிலோமீட்டர் தொலைவு. தசரா நாட்களில் அச்சாலையில் வண்டிகள் ஊர்ந்தே செல்லும். எதைக் காண்பது என்ற வினா மாலை ஐந்து மணிக்கு, இரவெல்லாம் உறங்காத பதினொரு பேரிடையே எழுகிறது. மைத்துனர் ஒன்று சொல்ல, அண்ணன் வேறு சொல்ல, வண்டிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது வரை பேச்சு வளர்கிறது. இதற்குக் குணக்கேடு காரணமன்று. உறக்கமின்மையும், பசியும், முன்கூட்டிப் பேசி முடிக்காமையுமே காரணம்.

மூன்றாம் நாளின் உதகைப் பயணமோ இன்னும் கடினம். மைசூரு கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்திலும், உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மசினகுடி வழியே சென்றால் கல்லட்டி மலைப்பாதையில் முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகள். பந்திப்பூர்க் காட்டு வழி 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு மூடப்பட்டு, காலை ஆறு மணிக்கே திறக்கப்படுகிறது. விலங்குகளின் நலங்கருதிச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஒன்பது மணிக்குள் வாயிலைக் கடந்தாக வேண்டும் என்ற கவலையோடு மலையிறங்கும் ஓட்டுநரும், வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளும், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருக்கும் குடும்பத் தலைவரும் அவ்வேளையில் ஓய்வு பெறுகின்றனர் என்று எவரும் சொல்லார்.

இத்திட்டத்தில் பாதியை நீக்கிவிடலாம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஒரு நாளுக்குக் காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம். நண்பகலில் அனைவரும் படுத்தெழ இரண்டு மணி நேரம். எந்த மாலை எங்கே என்பதை வீட்டிலேயே முடிவு செய்தல் நலம். செலவைப் பகிர்ந்துகொள்வதையும் அவ்வாறே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். ஒருவர் ஓரிடத்திற்கு வர விரும்பாமல் அறையிலேயே தங்க நினைத்தால், அதனைக் குறையாகக் கொள்ளாமல் விட்டுவிடுதலும் வேண்டும். நம் குடும்பங்களில் மிக அரிதாகக் கிடைப்பது இந்த இசைவுதான்.

முதல் இரவின் உறக்கம்

புதிய இடத்தில் முதல் இரவு நன்றாக உறக்கம் வராதது அனைவரும் அறிந்ததே. உறக்க ஆய்வுக்கூடங்களில் 1960களிலேயே இது பதிவாகியுள்ளது. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதற்கொரு காரணம் கண்டனர். புதிய இடத்தில் உறங்குவோரின் மூளையில் ஒரு பாதி, பெரும்பாலும் இடப்பாதி, மறுபாதியளவு ஆழ்ந்து உறங்காமல் ஒருவாறு காவல் இருக்கின்றது. அயல் ஒலி கேட்டால் அப்பாதியே விரைவில் விழிப்படைகிறது. சில பறவைகளும் கடல்வாழ் பாலூட்டிகளும் மூளையின் ஒரு பாதியை விழிப்பில் வைத்தே உறங்குவன என்பது முன்பே தெரிந்த உண்மை. மனிதனிடத்தும் அதன் சாயல் இருப்பது இதனால் புலனாயிற்று. அடுத்த முறை உறங்கும்போது இவ்வேறுபாடு பெரிதும் குறைந்துவிடுகிறது.

இதிலிருந்து பயணத்திற்கு ஒரு விதி கிடைக்கின்றது. இரவு தோறும் விடுதியை மாற்றிக்கொண்டே செல்வது, ஒவ்வோர் இரவையும் முதல் இரவாக ஆக்கிக்கொள்வதாகும். மூன்று இரவும் மைசூரிலேயே ஓர் அறையில் தங்கி, அங்கிருந்து சென்று வருவதே மேல். வழக்கமாகப் போர்த்தும் போர்வையை உடன் எடுத்துச் செல்வதும் பயன் தரும். நலமாக உள்ளவர்க்கு ஓரிரு இரவின் உறக்கக் குறைவால் எரிச்சலும் மறதியும் தோன்றுமேயன்றி வேறு தீங்கில்லை. எல்லார்க்கும் அவ்வாறன்று என்பதே இனிக் கூறப்போவது.

சிகிச்சை பெறுபவர் உடன் வரும்போது

எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய் உடையவர்க்கு உறக்கக் குறைவு பெருந்தீங்கு விளைவிக்கும். எழுச்சி நிலையைத் தூண்டும் பல காரணங்களும் உறக்கக் குறைவு என்னும் ஒரே வழியாகவே செயற்படுகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வேரும் அவர்தம் துணைவரும் 1987இல் எடுத்துக்காட்டினர். இரவு ரயில், விடியலில் மலையேற்றம், நள்ளிரவு வரை ஊர்வலமும் விளக்கொளியும் எனத் தொடரும் இரண்டு நாட்கள் இத்தகையவரின் நோயைக் கிளப்பிவிடப் போதுமானவை. இரவில் இரண்டு மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பின்றி இருத்தல், ஓயாத பேச்சு, கைக்கு மிஞ்சிய செலவு, சிறு மறுப்புக்கும் பெருஞ்சினம் ஆகியவை முதற்குறிகள். துயரம் யாதெனில், பயணத்தில் இவற்றை எவரும் நோயென்று எண்ணுவதில்லை. 'இப்போதுதான் மகிழ்ச்சியாக இருக்கிறான்' என்று குடும்பத்தார் உள்ளம் பூரிக்கின்றனர். மைசூர்ப் பட்டுப் புடவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கப்பட்ட பின்னரே ஐயம் பிறக்கின்றது.

இந்நோய்க்கு வழங்கும் மருந்துகளுள் தலையாயது லித்தியம் உப்பு. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பயனை 1949இல் வெளியிட்டார். குருதியில் அதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். சற்றுக் குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் நஞ்சு. உடலில் நீரும் சோடியமும் குறையும்போது, சிறுநீரகம் சோடியத்தைத் தக்கவைக்க முயல்கையில் லித்தியத்தையும் உடன் தக்கவைத்துக்கொள்கிறது. ஆகவே வெயிலில் வியர்த்து மலையேறுவதும், வயிற்றுப்போக்கும், நவராத்திரியில் உப்பில்லாமல் நோன்பிருப்பதும் லித்தியம் உண்பவருக்குக் கேடு தரக்கூடியவை. கால்வலிக்கென்று மருந்துக் கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநீக்கிகளும் அதன் அளவை உயர்த்துகின்றன. கைநடுக்கம் மிகுதல், வாந்தி, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு ஆகியவை தோன்றினால், பயணக் களைப்பென்று கருதிப் படுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். நோன்பிருக்க விரும்புவோரைக் களப்பணியாளர் தடுக்க முற்படுதல் பயன் தராது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னரே மருத்துவரைக் கலந்துகொள்ளுமாறு சொன்னால் கேட்பார்கள்.

மருந்தை மறப்பதும் பயணத்தில் வழக்கமாக நிகழ்வதே. உறவினர் முன் மாத்திரை விழுங்க வெட்கப்பட்டு நிறுத்திவிடுவோரும், 'மனம் மகிழ்ச்சியாக இருக்கும்போது மருந்தெதற்கு' என்ற பெரியவர்களின் சொல்லுக்கு இணங்குவோரும் பலர். மருந்து பெட்டியின் அடியிலன்றிக் கைப்பையில் இருக்க வேண்டும். பயண நாட்களுக்கு மேலும் நான்கைந்து நாட்களுக்குப் போதுமான அளவு இருக்க வேண்டும். மருத்துவர் எழுதிய சீட்டும் உடன் வேண்டும்; அச்சீட்டின்றி இவ்வகை மருந்துகளை வெளியூர்க் கடைகளில் பெறுதல் அரிது.

மனச்சோர்வு நோயால் வருந்துபவரை 'ஊர் மாறினால் மனம் மாறும்' என்று அழைத்துச் செல்வது நம்மிடையே பரவலான வழக்கம். லேசான சோர்வுக்கு இது உதவக்கூடும். கடுமையான நோயில் உதவாது. சில வேளை கேடும் செய்யும். சுற்றிலும் எல்லாரும் களித்திருக்கையில் தன்னால் மட்டும் மகிழ இயலவில்லை என்பதை அவர் மணிதோறும் உணர்கிறார். உறவினர் தமக்கெனச் செய்யும் செலவையும் ஒரு குற்றமாக எண்ணிப் புழுங்குகிறார். நோய் தணிந்தபின் அழைத்துச் செல்வதே தக்கது. வாழ விருப்பமில்லை என்னும் பொருள்பட அவர் ஒரு சொல் சொன்னாலும், அதை எவரும் விளையாட்டாகக் கொள்ளலாகாது. அவரிடம் நேராகக் கேட்டு அறிதல், தனியே விடாமை, அன்றே மருத்துவரைக் காணுதல் ஆகிய மூன்றும் உடனடியாக வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கிவரும் 'டெலி மானஸ்' என்னும் அரசின் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

குடிப்பழக்கம் உள்ளவர் பற்றி ஒன்று கூறியாக வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர், புண்ணியத் தலத்திற்குச் செல்கிறோம் என்று குடும்பத்தாரின் வற்புறுத்தலால் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார். எண்ணம் நல்லதே. ஆனால் இரண்டாம் மூன்றாம் நாளில் உடல் நடுங்கி, வியர்வை பெருகி, வலிப்புக் கண்டு, இல்லாத உருவங்களைக் கண்டு அலறும் நிலை தோன்றலாம். இது உயிருக்கு இடர் தரும் நிலை. வெளியூர் விடுதியில் நள்ளிரவில் இது நேர்ந்தால், பேய் பிடித்தது என்று எண்ணி விடியும்வரை காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். குடியை நிறுத்துவதை மருத்துவரின் துணையோடு, பயணத்திற்குப் பல வாரங்கள் முன்னரே தொடங்குவதே முறை.

இவ்வளவும் படித்தபின், மனநோயாளரை வீட்டிலேயே விட்டுச் செல்வது எளிதல்லவா என்று சிலர்க்குத் தோன்றலாம். அவ்வாறு விட்டுச் செல்லுதல் பெரும்பாலும் தவறு. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் டாக்டர் வித்யாசாகர், நோயாளரின் உறவினரை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கவைத்து, சிகிச்சையில் அவர்களையும் பங்குகொள்ளச் செய்தார். 1957இல் தொடங்கிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. குடும்பம் உடன் இருப்பதே மருந்தின் பாதி என்று உலகிற்குக் காட்டிய நாடு நம்முடையது. அக்குடும்பம் விழாவுக்குப் போகும்போது மட்டும் ஒருவரை அறையில் பூட்டிவிட்டுச் செல்வது எங்ஙனம் பொருந்தும்?

முதியோரும் சிறுவரும்

மறதி நோயின் தொடக்க நிலையில் உள்ள முதியவர் தம் வீட்டில் தடுமாற்றமின்றி நடமாடுவார். குளியலறை எந்தப்பக்கம் என்பதை அவர் நினைவைவிடக் கால்களே அறியும். விடுதி அறையில் நள்ளிரவில் விழித்தெழும்போது அந்தப் பழக்கம் துணை செய்வதில்லை. தாம் எங்கிருக்கிறோம் என்று புரியாமல் அஞ்சுகிறார். கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிடுவதும் உண்டு. குளியலறை விளக்கை இரவு முழுதும் எரியவிடுவதும், வீட்டில் படுக்கும் பக்கத்திலேயே படுக்கவைப்பதும், ஒருவர் அதே அறையில் துணையிருப்பதும் போதிய பாதுகாப்பாகும். மலைப்பாதையில் குமட்டலைத் தடுக்கத் தரும் மாத்திரைகளிற் சில முதியோரின் அறிவை மயக்கிக் குழப்பத்தை உண்டாக்குவன. மருத்துவரைக் கேளாமல் தரலாகாது.

விசயதசமியன்று 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியைச் சுமந்து யானை அரண்மனையிலிருந்து பன்னிமண்டபத்திற்குச் செல்லும் வழியெங்கும் மக்கள் வெள்ளம் நிறைந்திருக்கும். அக்கூட்டத்தில் முதியவரையும் சிறுவரையும் அழைத்துச் செல்வோர், அன்று காலை அவர்கள் உடுத்தியிருக்கும் உடையோடு ஒரு படம் கைபேசியில் எடுத்துக்கொள்ளலாம். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்தல் பழைய முறையாயினும் இன்றும் பயனுள்ளதே. குழந்தை காணாமற் போனால் 1098, பிற நெருக்கடிகளுக்கு 112. தற்புனைவு ஆழ்வு உள்ள குழந்தைகளுக்குப் பேரிகை ஒலியும் நெருக்கடியும் தாங்கொணாத் துன்பம் தருவன. காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தையை அடக்கமற்றது என்று அருகிலிருப்போர் கடிந்துகொள்வது பெற்றோரின் நெஞ்சைப் புண்படுத்துவது. அத்தகைய குழந்தைக்கு அதிகாலையில், கூட்டம் சேருமுன் விலங்குக் காட்சிசாலையைக் காட்டினாலே போதும். செவ்வாய்க்கிழமைகளில் அது மூடியிருக்கும். சொன்ன சொல் மாறினால் இக்குழந்தைகள் பெரிதும் கலங்குவராதலால் இதனை முன்பே அறிந்து வைத்தல் நலம்.

மலைப்படியிலோ, மக்கள் நெருக்கத்திலோ சிலர்க்குத் திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சுத் திணறி, உயிர் போய்விடும் என்ற பேரச்சம் தோன்றுகிறது. முன்பும் இவ்வாறு வந்து, மருத்துவர் பரிசோதித்து இதயம் நலமாக உள்ளது எனக் கூறியிருந்தால், இஃது அச்சத் தாக்கமே. சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, தானே தணியும். ஓரமாக அமரச் செய்து, மெல்ல மூச்சை வெளிவிடுமாறு கூறி அருகில் இருந்தாற் போதும். முதன்முறையாக வருமாயின், அதுவும் நடுவயதைக் கடந்தவராயின், இதய நோயாகவே கருதி மருத்துவமனையை நாட வேண்டும்.

ஓய்வு கிடைக்காத ஒருவர்

நாம் மேலே கற்பனை செய்த பதினொருவரில் ஒருவரைப் பற்றி இதுவரை எதுவும் கூறவில்லை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டியவர், எல்லார் துணிகளையும் எடுத்து வைத்தவர், மாமியாருக்கு வெந்நீரும் குழந்தைக்குப் பாலும் வேளைதோறும் தேடித் தந்தவர், இரவில் ஈரத்துணிகளை உலர்த்திவிட்டுக் கடைசியாகப் படுத்தவர் எல்லாம் ஒருவரே. அவருக்கு இப்பயணம் வசதி குறைந்த சமையலறையில் செய்யும் அதே வேலை. பயணத்தின் இறுதி நாளில் அற்பக் காரணத்துக்காக அவர் அழுதால், 'இவ்வளவு செலவு செய்து அழைத்து வந்தும் திருப்தியில்லையே' என்ற சொல்லே அவருக்குக் கிடைக்கிறது. ஒரு முழுப் பொழுதேனும் எவருக்கும் எதுவும் எடுத்துத் தர வேண்டாத நிலையை அவருக்கு உண்டாக்கித் தர முடியுமா என்பதைப் பயணத்திட்டம் எழுதுவோர் முதலில் எண்ண வேண்டும். வயது வந்த மகனும் மருமகனும் துணி உலர்த்தினால் மைசூரில் எவரும் நகைப்பதில்லை.

திரும்பிய பின்

ஞாயிறு இரவு வந்திறங்கித் திங்கள் காலை வகுப்பிற்கோ களத்திற்கோ செல்வதைக் கூடியவரை தவிர்த்தல் நலம். இடையில் ஒரு நாள் வீட்டில் இருப்பது, மைசூரில் கூடுதலாக ஒரு நாள் இருப்பதைவிட நன்மை தரும். அந்நாளில் இயல்பான நேரத்தில் உண்டு, இயல்பான நேரத்தில் உறங்குவதன்றி வேறு வேலை வைத்துக்கொள்ளலாகாது. களப்பணியாளர்கள் விழா முடிந்த முதல் வாரத்தில், தம் பதிவேட்டில் உள்ள மனநோயாளர் இல்லங்களுக்கு ஒருமுறை சென்று வருவது மிக்க பயன் தரும். மூன்று வினாக்களே போதும்: பயணத்தில் மருந்து விட்டுப்போனதா? இப்போது எத்தனை மணி நேரம் உறங்குகிறார்? பேச்சிலும் செலவிலும் ஏதேனும் மாறுதல் உண்டா? விடையில் ஐயம் தோன்றினால் அடுத்த சிகிச்சை நாள்வரை காத்திராமல் முன்கூட்டியே அனுப்பிவிடலாம்.

ஆசிரியர்க்கு வேறொரு பணி உள்ளது. பள்ளி திறந்த அன்று 'விடுமுறையை எவ்வாறு கழித்தேன்' என்று கட்டுரை எழுதச் சொல்வது நெடுங்கால வழக்கம. மைசூரு சென்று வந்த மாணவன் மூன்று பக்கம் எழுதுவான். எங்கும் செல்லாதவனும், பெற்றோரின் சண்டையை வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவனும், செங்கற்சூளையில் தந்தைக்குத் துணையாக இருந்தவனும் ஒன்று வெற்றுத்தாளைத் தருவர், அல்லது காணாத அரண்மனையைக் கண்டதாக எழுதுவர். தலைப்பை 'விடுமுறையில் நான் கூர்ந்து பார்த்த ஒன்று' என்று மாற்றினால் அனைவரும் எழுதலாம். எறும்புப் புற்றும் எழுதலாம். அரண்மனை விளக்கும் எழுதலாம். அப்போதும் ஒன்றும் எழுதாமல் அமர்ந்திருக்கும் மாணவனிடம், வகுப்பு முடிந்தபின் தனியே சற்று நேரம் பேசிப் பார்க்கலாம்.